செம்பூர் கராஜில் உடைந்த ஸ்பிரிங்

பம்பாய் முலுண்டில் எங்கள் கட்டடத்தில் கார் நிறுத்துகிற கராஜ்களுக்கு இன்னும் பழைய இரும்பு ஷட்டர்தான். போன மாதம் மூன்றாவது மாடி கார்த்திக் வந்து மணி அடித்தான்.

"அங்கிள், எங்க ஷட்டர் ஸ்பிரிங் போயிடுச்சு. போன்ல வீடியோ பார்த்தேன், நானே மாத்திடலாம்னு இருக்கேன். நீங்க அந்த லைன்ல இருந்தீங்களாமே, கொஞ்சம் சொல்லுங்களேன்."

நல்ல பையன். லிப்ட் நின்றுபோனால் என் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு மேலே வருகிறவன். அதனால்தான் திட்டாமல் உட்கார வைத்தேன்.

"எத்தனை ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு?"

"ஒண்ணுதான் அங்கிள்."

"அதை விடு, அது செத்துப்போச்சு. உடையாம இருக்கே இன்னொண்ணு, அதைத்தான் நீ சந்தேகப்படணும்" என்றேன்.

ஷட்டருக்கு மேலே, தகர மூடிக்கு உள்ளே, சுவருக்குச் சுவர் ஒரு பைப் போகும். அந்தப் பைப்பில் வட்ட டப்பாக்கள் மாட்டியிருக்கும். ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் பட்டையான எஃகு ஸ்பிரிங் சுருண்டு கிடக்கும். அதன் ஒரு முனை பைப்பில் மாட்டியிருக்கும், மறு முனை டப்பாவில். ஷட்டரை இறக்கினால் ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும். ஏற்றும்போது அந்த முறுக்குத்தான் பாரத்தில் பெரும்பகுதியைத் தூக்கும். ஷட்டர் முழுக்க மேலே ஏறியிருந்தாலும் முறுக்கு முழுக்கப் போய்விடாது, மிச்சம் கொஞ்சம் உள்ளேயே இருக்கும். அது தெரியாமல் பைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்பைக் கழற்றினால் பைப் சுழலும், கையிலிருக்கிற ரெஞ்சு சுழலும், மணிக்கட்டும் கூடவே சுழலும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கார்த்திக் கேட்டுக்கொண்டான். "வேண்டாம் அங்கிள், ஆளையே கூப்பிடறேன்" என்று எழுந்தான். புத்திசாலி. வாசல்வரை போனவன் திரும்பிக் கேட்டான்.

"நீங்க போட்ட ஸ்பிரிங் எதாவது உடைஞ்சிருக்கா?"

"ஒண்ணுகூட இல்லை" என்றேன்.

"அரே வா! ஒண்ணுகூட இல்லையா?" என்று ஆச்சரியப்பட்டுப் போனான்.

அவன் போன பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. அந்த "ஒண்ணுகூட இல்லை"க்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. கேட்டவனிடம் சொல்ல வாய் வரவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

நான் பம்பாய்க்கு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் மாமா வீட்டில் ஒண்டிக்கொண்டு, தாராவியில் ஒரு ஷட்டர் பட்டறையில் சேர்ந்தேன். முதலில் ஷட்டருக்கான இரும்புப் பட்டிகளை அடுக்கினேன், கிரீஸ் தடவினேன், ஏணி பிடித்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது அங்கே மிஸ்திரியாக இருந்த வேலாயுதம் அண்ணாச்சியைப் பற்றி.

அந்த மனுஷனைப் போல யாரையும் நம்பாத ஒருவரை நான் கண்டதில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர், "காலையில தானாவே உடைஞ்சு போச்சு" என்றால் அண்ணாச்சி சரி என்று தலையாட்டுவார். ஏணியில் ஏற மாட்டார். வியாபாரம் எப்படி, மழைக்குக் கடைக்குள்ளே தண்ணீர் வந்ததா என்று எதை எதையோ கேட்பார். நடுவிலே, "காலையில யாரு தொறக்கது? ஒங்க மச்சினனா? நல்ல வாட்டசாட்டமா இருக்காரே" என்று நுழைப்பார். கடைசியில் அந்த மச்சினன் பூட்டைத் திறக்காமலே ஷட்டரைத் தூக்கி மல்லுக்கட்டிய விஷயம் வெளியே வரும். அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி முதல் படியில் கால் வைப்பார்.

எங்களையும் அப்படித்தான். ஷட்டரை முழுக்க மேலே சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுத்தான் கிளாம்பில் கை வைக்க வேண்டும். "கட்டியாச்சு அண்ணாச்சி" என்போம். அவர் வந்து கயிற்றை ஒரு இழு இழுத்துப் பார்ப்பார்.

"நாந்தான் கட்டியாச்சுன்னு சொன்னேனே!"

"ஒன் வாய நம்ப முடியாதுல. அதான் கயித்தக் கேக்கேன்."

அப்புறம் பைப்பில் ரெஞ்சைப் போட்டு ஒருவன் முழுப் பலத்தோடு பிடித்துக்கொள்ள, இன்னொருவன் கிளாம்பை இளக்க வேண்டும். மிச்ச முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பைப் செத்தபிறகு இறக்கிப் புது ஸ்பிரிங் போட வேண்டும். முடிந்ததும் சோதனை ஒன்றே ஒன்று. ஷட்டரைப் பாதி இறக்கிக் கையை எடுத்துவிட வேண்டும். கீழே விழவும் கூடாது, மேலே ஓடவும் கூடாது. பாதியில் விட்டால் பாதியில் நிற்க வேண்டும். நான் போட்டால் முதலில் கொஞ்சம் இறங்கும். ஏணியில் ஏறி முறுக்குக் கூட்டினால் மேலே ஓடும். இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கித்தான் சரி பண்ணுவேன். சரி பண்ணிவிடுவேன், அதில் குறை இல்லை.

இசக்கிமுத்து எனக்குப் பின்னால் வந்தவன். எங்கள் ஊர்ப் பக்கம்தான், வயசும் கிட்டத்தட்ட ஒன்று. பேசவே மாட்டான், சரியான கல்லுளிமங்கன். ஆனால் அவன் போட்ட ஷட்டர் முதல் தடவையிலேயே பாதியில் நிற்கும். எரிச்சலாக இருக்கும் பாருங்கள்! ஒரு மழைக்காலம் ஓய்ந்ததும் அண்ணாச்சி அவனுக்கும் தனியாக வேலை கொடுக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இசக்கி வேலையை முடித்தால் அண்ணாச்சி, "நீங்க ரெண்டுபேரும் போயி சாயா குடிச்சிட்டு வாங்கல" என்று எங்களை அனுப்பிவிட்டு, அவர் மட்டும் தனியாக ஏணியில் ஏறுவார். நாங்கள் திரும்பி வரும்போது தகர மூடியை மாட்டி முடித்திருப்பார். நான் வேலையை முடித்தால் அதெல்லாம் கிடையாது. "ஆச்சா? சரி, ஏணிய எடு." அவ்வளவுதான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரையும் நம்பாத மனுஷன் என்னை நம்புகிறார்! இசக்கி வேலையை மட்டும் ஏறி ஏறிச் சோதிக்கிறார் என்றால் அவனிடம் என்னவோ கோளாறு இருக்கிறது. அன்றிலிருந்து நானும் அவன் மேல் ஒரு கண் வைத்திருந்தேன்.

அந்த வருஷம் எங்களுக்கு இன்னொரு வேடிக்கை, அண்ணாச்சியின் துண்டு. தோளில் எப்போதும் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டு கிடக்கும். அது நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வந்தது. "வீட்டுல எலித் தொல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டால், "எலி இல்லல, ஒங்க மைனி. அடுப்புத் தொடைக்கக் கிழிச்சுக்கிடுதா" என்று தன் பெண்டாட்டியைச் சொல்வார்.

அடுத்த மழை வந்தது. செம்பூரில் ஒரு பாலக்காட்டு ஐயர், பெரிய கம்பெனியில் அதிகாரி. அவர் பங்களா கராஜில் வெயில் காலத்தில் இசக்கிதான் புது ஸ்பிரிங் போட்டிருந்தான். ஒருநாள் காலையில் டிரைவர் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் காரை எடுக்கும்போது உள்ளே டமார் என்று சத்தம், ஷட்டர் அப்படியே இறங்கி பானெட் மேல் விழுந்தது. டிரைவர் காருக்குள் இருந்ததால் பிழைத்தான். ஒரு நிமிஷம் முன்னால் விழுந்திருந்தால் அவன் தலையில்தான்.

பட்டறை முதலாளி சேட்டுக்கு போன் வந்தது. சேட் எங்களைக் கூப்பிட்டார். "நயா ஸ்பிரிங் ஐசே நஹி டூட்தா, மிஸ்திரி" என்றார். புது ஸ்பிரிங் இப்படி உடையாது என்கிறார். இசக்கி புது ஸ்பிரிங்கை எங்கோ தள்ளிவிட்டுப் பழையதைப் போட்டுவிட்டான் என்பது அவர் எண்ணம். ஸ்டோரிலிருந்து வாங்கி, பஸ்ஸில் செம்பூர்வரை தனியாகத் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தானே. "போய்த் திறந்து பார். திருட்டு என்று தெரிந்தால் அவன் இங்கே வேண்டாம். மற்ற பட்டறைக்காரர்களுக்கும் சொல்லிவிடுவேன்" என்று ஹிந்தியில் முடித்தார்.

அப்படிச் சொன்னால் அவன் பிழைப்புப் போச்சு. ஷட்டர் லைனில் அத்தனை பட்டறைக்காரர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியும். இசக்கி கல்யாணம் முடித்து, பெண்டாட்டியை ஊரிலிருந்து லேபர் கேம்ப்புக்குக் கூட்டிவந்த புதுசு. சேட் முன்னால் அவன், "நான் எடுக்கல" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். திருடியவனும் அப்படித்தான் நிற்பான், திருடாதவனும் அப்படித்தான் நிற்பான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஆனால் நான் ஒன்று பார்த்திருந்தேன். வெயில் காலத்தில் ஒருநாள் தாராவியில் பழைய இரும்புக் கடையிலிருந்து இசக்கி சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அதை அண்ணாச்சியிடம் சொன்னேன். இன்றைக்கும் சொல்லுவேன், கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னேன்.

அண்ணாச்சி அவனைக் கேட்டார். "அருவாமணைக்கு, அண்ணாச்சி. பழைய ஸ்பிரிங் துண்டு வாங்கினேன். அவ ஊர்ல இருந்து கொண்டாரல" என்றான்.

"காட்டு."

மூவரும் கேம்ப்பில் அவன் அறைக்குப் போனோம். அந்தப் பெண் அருவாமணையில் உட்கார்ந்து கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அண்ணாச்சி, காப்பி குடிக்கியளா?" என்றாள். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது. புருஷனின் மிஸ்திரி வீடு தேடி வந்திருக்கிறார் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அண்ணாச்சி குனிந்து அந்த அலகைத் தடவிப் பார்த்தார். சாணை பிடித்துப் பளபளவென்று இருந்தது. பழைய இரும்பா, புது இரும்பா, யாரால் சொல்ல முடியும்?

"நல்லா அறுக்கா?" என்று கேட்டார்.

"பூ மாதிரி அறுக்கு அண்ணாச்சி. இவுகதான் பண்ணிக் குடுத்தாக."

காப்பி குடித்துவிட்டு வந்தோம். வெளியே வந்ததும் அண்ணாச்சி என்னிடம், "இப்பவும் ஒண்ணும் தெரியலல" என்றார். இசக்கி இரண்டடி முன்னால் நடந்துகொண்டிருந்தான். அவன் காதில் விழாமலா இருக்கும்?

மறுநாள் செம்பூர். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐயர் ஆபீசுக்குப் போகாமல் நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மாமி பின்னால் நின்றார். அண்ணாச்சி வழக்கம்போல டிரைவரைப் பிடித்துக்கொண்டார். தினமும் யார் திறப்பது, காரை முட்டினாயா, ஷட்டரைப் பிடித்துத் தொங்கினாயா என்று சுற்றிச் சுற்றி வந்தார். டிரைவர் மசியவில்லை. அண்ணாச்சி இசக்கியை ஏணியில் ஏறவிடவில்லை. "நீ தள்ளி நில்லு. பரமசிவம், நீ ஏறு" என்றார். பரமசிவம் நான்தான்.

ஷட்டரைத் தூக்கிக் கட்டினேன். கயிற்றை இழுத்துப் பார்த்தார். மூடியைக் கழற்றி, முறுக்கை விட்டு, டப்பாவைத் திறந்தேன். எனக்கு உள்ளூர ஒரு ஆசை என்றுகூடச் சொல்லலாம். பழைய ஸ்பிரிங் உள்ளே கிடந்தால் நான் சந்தேகப்பட்டது சரியாகிவிடுமே.

கிரீசைத் துடைத்துப் பார்த்தேன். ஸ்பிரிங் நீளம் முழுசாக இருந்தது. புது எஃகுக்கே உள்ள நீலம் அப்படியே மின்னியது. புதுசேதான்! ஓர் இடத்தில் மட்டும், டப்பாவில் மாட்டுகிற முனைக்குப் பக்கத்தில், இரும்பைக் கரையான் தின்ற மாதிரி அரித்திருந்தது. அங்கேதான் உடைந்திருந்தது. உடைந்த முனையில் முக்கால்வாசி கறுத்த துரு, மிச்சம் வெள்ளை. கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் கண்டு, ஷட்டர் விழுந்த அன்றைக்கு மிச்சமும் விட்டுவிட்டது.

"புது ஸ்பிரிங்தான் அண்ணாச்சி" என்று கத்தினேன். இசக்கி மூச்சு விட்டது மேலே எனக்குக் கேட்டது.

"அப்ப ஏன் துருப்பிடிச்சுது? சரியா கிரீஸ் போடலியோ?" என்றார் ஐயர். அதுவும் நியாயமான கேள்விதான். திருட்டு இல்லை என்றால் வேலை மோசம். அப்படியும் இசக்கி தலைதான் உருளும்.

டப்பாவின் மேல் ஒரு பழுப்புக் கோடு வழிந்திருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று கையை மேலே விட்டுத் தடவினேன். பைப்பைத் தாங்குகிற இரும்புக்கு மேல், சுவரோரமாக, ஈரமாக ஏதோ ஒரு சின்ன மூட்டை தட்டுப்பட்டது. சொட்டிக்கொண்டிருந்தது. விரலை நாக்கில் வைத்தேன்.

"உப்பு! யாரோ கல்லுப்பு கட்டியிருக்காங்க" என்றேன்.

திருஷ்டிக்குக் கட்டுவதுதான். ஊரில் நிலைப்படியில் கட்டினால் வருஷக்கணக்கில் கல்லாகவே கிடக்கும். பம்பாய் மழைக் காற்றில் உப்பு நிற்குமா? தண்ணீராகக் கரைந்து, சொட்டுச் சொட்டாக ஒரே இடத்தில் இறங்கியிருக்கிறது. கிரீஸ் எத்தனை நாள் தாங்கும்?

எல்லாரும் மாமியைத்தான் பார்த்தோம். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை எதுக்குப் பாக்கறேள்? எங்காத்துல உப்பு சமையலுக்காக்கும். திருஷ்டிக்குக் கட்டினா வாசல்லேன்னா கட்டுவோம். அத்தனை உசரத்துல யாரு ஏறிக் கட்டறது?"

நியாயம்தானே. ஏணி இல்லாமல், மூடியைக் கழற்றாமல் அங்கே யாரும் கட்ட முடியாது. எல்லார் கண்ணும் இசக்கி பக்கம் திரும்பியது.

நான் முடிச்சை அவிழ்த்து மூட்டையைக் கையில் எடுத்தேன். துணி துருவேறிப் பழுப்பாகியிருந்தது. முடிச்சுக்கு உள்பக்கம் மட்டும் நிறம் மாறாமல் இருந்தது. சிவப்புக் கட்டம்.

ஏணியில் நின்றபடி கீழே பார்த்தேன். அண்ணாச்சி தோளில் அந்தக் குட்டைத் துண்டு. அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையில் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படிச் செய்தால் இசக்கி? என்ன செய்வது என்று புரியாமல் முழித்தேன்.

"கீழ போடுல" என்றார்.

போட்டேன். ஈரத்தோடு தரையில் விழுந்தது. அதை எடுத்துப் பிரித்து, தன் துண்டின் கிழிந்த ஓரத்தோடு சேர்த்து வைத்து ஐயரிடம் காட்டினார்.

"சாமி, நாங் கட்டினது. பையன் வேலையில ஒரு குத்தமும் இல்ல. அவனுக்குத் தெரியவும் தெரியாது. சேட்டுகிட்டயும் நானே சொல்லிக்கிடுதேன்."

ஐயர் இரண்டு துணியையும் வாங்கிச் சேர்த்து வைத்துப் பார்த்தார். மாமிதான், "போறது விடுங்கோ. நல்லதுக்குன்னு பண்ணினதுதானே" என்று உள்ளே போனார். அன்றைக்கே வேறு ஸ்பிரிங் போட்டோம். இசக்கியைத்தான் போடச் சொன்னார் அண்ணாச்சி. பாதியில் விட்டான், பாதியில் நின்றது.

திரும்பும்போது பஸ்ஸில் மூவரும் ஒரே வரிசையில் நின்றோம். சேட்டிடம் சொன்னால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். இசக்கி முதல் தடவையாகத் தானாக வாய் திறந்தான்.

"என் மேல சந்தேகப்பட்டியளே அண்ணாச்சி. அப்புறம் எனக்கு எதுக்குத் திருஷ்டி கழிக்கணும்?"

அண்ணாச்சி ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆள நம்பாம இருக்கலாம்ல. கைய எப்படி நம்பாம இருக்கது? பாதியில விட்டா பாதியில நிக்கி. எனக்கே ஒரு தடவையில நின்னதில்ல. பாக்கவன் கண்ணு சும்மா இருக்குமா? எங் கண்ணே சும்மா இல்ல."

இசக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுதான் என்றுதான் நினைக்கிறேன். மழைத் தண்ணீர் என்றும் சொல்லலாம்.

சேட் ஒரு பாட்டம் கத்தினார், பிறகு சிரித்தார். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ஒரு வேலை மிஞ்சியிருந்தது. அந்த ஒரு வருஷமாக அண்ணாச்சி தனியாக ஏணி ஏறிய கடைகளிலும் கராஜ்களிலும் உப்பு கரைந்துகொண்டிருக்குமே! ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று அலைந்தோம். "சும்மா ஒரு செக்கிங்" என்று சொல்லி ஏறுவோம். இசக்கி போட்ட ஷட்டர் ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் கட்ட மூட்டை. அவிழ்த்து, துடைத்து, புதுக் கிரீஸ் போட்டுவிட்டு இறங்குவோம்.

நான் போட்ட ஷட்டர்களிலும் ஏறினேன். "அதெல்லாம் வேண்டாம்ல" என்றார் அண்ணாச்சி. "ஒரு வேளை இருந்தா?" என்று ஏறினேன். கையை விட்டுச் சுவரோரம் முழுக்கத் தடவினேன். எதிலும் ஒன்றும் இல்லை. காய்ந்த தூசிதான் கையில் ஒட்டியது.

என்னை நம்புகிறார் என்று ஒரு வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன் நான். அந்த ஏணியில் நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

பல வருஷம் கழித்து அண்ணாச்சிக்குக் கண் மங்கி, விக்ரோலியில் மகன் வீட்டோடு இருந்தார். பார்க்கப் போயிருந்தேன். இசக்கி தனியாகப் பட்டறை வைத்துவிட்டான் என்று சொன்னேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார். பேச்சுவாக்கில் கேட்டே விட்டேன்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு தடவைகூட நீங்க உப்பு கட்டலியே. ஏன்?"

கண்ணைச் சுருக்கி என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார்.

"ஒன் வேலைக்கு எவம்ல கண்ணு போடப் போறான்?"

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? மகன் கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் போட்ட ஸ்பிரிங் ஒன்றுகூட உடையவில்லை. கார்த்திக்கிடம் சொன்னது நிஜம்தான்.